அரளிப்பூ டாக்டர்

நாகலூருக்கு ஒரு டாக்டர் வந்துவிட்டார்! படித்த டாக்டர் அல்ல. அவர்களைத்தான் யாரும் நம்புவதில்லையே. இவர் பூவாக்குச் சித்தர். போன வருஷம் வரை சேலத்தில் வீட்டுமனை புரோக்கர். இப்போது தாடி, காவி, காபித் தோட்டத்து ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. ஏற்காடு பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் நேராக அங்கேதான் போனது. மாரமங்கலத்திலிருந்து நடந்தே வந்தவர்களும் உண்டு. பக்தி வந்துவிட்டால் கால் வலிக்காது போலும்.

விஷயம் இதுதான். மலையில் மணல்வாரி அம்மை, அதாவது தட்டம்மை, பரவியிருந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட நர்ஸ் ஆன்மேரி பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து உட்கார்ந்திருந்தது: ஊசி போட்டால் பிள்ளைக்குக் கை கால் விளங்காதாம்! அனுப்பியவன் யாரென்றே தெரியாத அந்தச் செய்தியை ஊரே நம்பியது.

போடலாமா, வேண்டாமா? கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் இந்தப் பக்கம் சாமியிடம் பூக் கேட்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். இப்போது ஊசிக்கும் பூக் கேட்டார்கள்.

சித்தரின் தட்டு நிறையப் பொட்டலங்கள். "ஊசி போடலாமுங்களா சாமி?" என்று ஒருவர் எடுப்பார். சிவப்பு. அடுத்தவருக்கும் சிவப்பு. ஊருக்கே சிவப்பு! ஆண்டவனுக்குத் தடுப்பூசி மேல் அப்படியென்ன கோபமோ? ஊசிக்குப் பதிலாகப் பிள்ளையின் இடுப்பில் கட்ட மந்திரக் கயிறு தந்தார் சித்தர். இலவசமாக அல்ல.

எஸ்டேட் ஜீப் டிரைவர் விஜயகுமாரும் மனைவி சசிகலாவும் கைக்குழந்தை கவிப்பிரியாவோடு வரிசையில் நின்றார்கள். பக்கத்து லைன் வீட்டுக் குழந்தை மணல்வாரி வந்து, மூச்சுத் திணறி, சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தது. சசிகலாவுக்குத் தூக்கமே போய்விட்டது. ஊசி என்றாலும் பயம், அம்மை என்றாலும் பயம்.

விஜயகுமார் பொட்டலத்தை எடுத்தார். சிவப்பு.

"பாத்தியா? சாமியே வேண்டாம்னுருச்சு. கயித்தக் கட்டிட்டு ஊட்டுக்குப் போலாம் வா."

"ஏனுங்க, செத்த இருங்க. சாமிகிட்ட இன்னொண்ணு கேக்கோணும்" என்றாள் சசிகலா.

"கேளு கண்ணு, உனக்கில்லாத வாக்கா?" என்றார் சித்தர். இன்னொரு கயிறு விற்கப்போகிற சந்தோஷம் அவருக்கு.

சசிகலா கண்ணை மூடினாள். "ஊசி போடாம உட்டுறலாமுங்களா சாமி?"

பொட்டலத்தைப் பிரித்தாள். சிவப்பு!

கூட்டம் திருதிருவென்று விழித்தது. விஜயகுமாருக்குத் தலை சுற்றியது. "இதென்னங்க கூத்து? போடவும் கூடாது, போடாம இருக்கவும் கூடாதுன்னா புள்ளைய என்னதானுங்க பண்றது?"

"சாமி இப்பக் கொழப்பத்துல இருக்குது. நாளைக்கு வாங்க" என்றார் சித்தர்.

"சாமிக்கு ஒண்ணும் கொழப்பமில்லீங்க. வெள்ளப்பூ எங்கீங்க?"

தட்டைத் தன் பக்கம் இழுத்தாள் சசிகலா. வரிசையில் பின்னால் நின்ற கண்ணாயி என்ற பெண்ணும் சேர்ந்து பிரித்தாள். ஒரு வெள்ளைப் பூவாவது இருக்க வேண்டுமே! எல்லாம் செக்கச்செவேல்.

"வெள்ள அரளி இந்த சீசன்ல கெடைக்கறதில்லீங்க" என்றார் சித்தர். அன்றைக்கு அவர் சொன்ன வாக்கில் அதுவே உச்சம். சிரிப்பு அடங்குவதற்குள் மனிதர் தோட்டத்துக்குள் இறங்கி ஓட்டம் பிடித்தார்.

சசிகலா அதே இரண்டு கேள்விகளையும் ஆன்மேரியிடம் போய்க் கேட்டாள்.

"கை கால் விளங்காமப் போகுங்கறது பொய். போட்டா, ஒரு வாரங்கழிச்சு லேசாக் காய்ச்சல் வரலாம், தடிப்பு வரலாம், தானாப் போயிரும். பெரிய ஒவ்வாமை நொம்ப அபூர்வம். அதுக்குத்தான் போட்ட பொறவு செத்த நேரம் இங்கயே உக்கார வெச்சுப் பாக்கறோம். மருந்தும் கையில இருக்குது" என்றார் நர்ஸ். "போடாட்டி, பக்கத்து ஊட்டுல மணல்வாரி இருக்கறப்ப இவளுக்குத் தப்பறது கஷ்டம் கண்ணு. நெஞ்சுச் சளி கட்டும், மூளைக்கே ஏறலாம், உசுருக்கும் ஆபத்து."

சசிகலா குழந்தையின் கையை நீட்டிப் பிடித்தாள். கவிப்பிரியா மலையே அதிர வீறிட்டாள். பெற்றவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஒரு கிலோ மிளகு வாங்கினாலும் மேலே ஒரு பிடி, அடியில் ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறவர்கள் நாம். பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் "போட்டால் என்ன ஆகும்" என்று பாதிக் கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம். போடாவிட்டால் என்ன ஆகும் என்ற மீதியையும் கேளுங்கள் ஐயா. கேட்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்!