மூச்சடக்கிய காளியப்பன்

பெண் பார்க்க வந்தவர்களை வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் உட்கார வைத்துவிட்டு, காளியப்பன் மூன்றாவது தடவையாக மாட்டுக் கட்டுத்தரைக்கு ஓடினார். எருமைக்குப் பக்கத்தில் நின்று புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினார்.

பின்னாலேயே மனைவி வள்ளியாத்தாள் வந்துவிட்டாள்.

"ஏனுங்க, கிறுக்குப் புடிச்சிருக்குதா? சம்பந்தி ஆகப்போறவரை உட்டுப்போட்டு எருமைகிட்ட வந்து நிக்கறீங்க?"

"மூச்சு உட வந்தேன் புள்ள. ஆளுங்ககிட்ட உடப்படாதுன்னு வெண்ணந்தூர் வைத்தியரு சொல்லிப்போட்டாரு."

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன யுத்தத்தால் வந்தது. பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று கேள்விப்பட்ட நாள்முதல் எருமப்பட்டியில் காளியப்பனுக்கு நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பில் வாய் உளறி, மகள் பொன்னாத்தாளுக்கு வந்த இரண்டு வரன்களையும் கெடுத்தாயிற்று. இதுவும் போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் வைத்தியரிடம் போனார்.

வைத்தியர் பாயில் படுக்க வைத்து, உள்ளங்காலிலிருந்து உச்சி வரை ஒவ்வோர் இடமாக நினைத்துப் பார்க்கச் சொன்னார். காளியப்பன் அசந்துபோனார். நாற்பத்தெட்டு வருஷம் தன்னைச் சுமந்த கால்களோடு அன்றுதான் அறிமுகமானார். வயிறு தானாக ஏறி இறங்கியது. யாரும் ஏவாமலே நெஞ்சு வேலை பார்த்தது. இவ்வளவும் நமக்காகவா என்று கண்ணில் நீர் வந்துவிட்டது.

கிளம்பும்போது வைத்தியர், சங்கதி தெரிந்தால் ஊரே வந்து பாயில் படுத்துவிடும் என்று பயந்து, "யாருகிட்டயும் மூச்சு உடாதீங்க" என்றார். அதுவரை மூச்சைப் பற்றியே பேசியிருந்ததால், காளியப்பன் இதையும் பத்தியத்தில் சேர்த்துக்கொண்டார்.

"சரி, போயி உக்காருங்க. பேச்செல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள் வள்ளியாத்தாள்.

காளியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"தோட்டத்துல கெணறு எத்தனைங்க?" என்று மாப்பிள்ளையின் தாய் கண்ணாத்தாள் கேட்டாள்.

காளியப்பன் இரண்டு விரலைக் காட்டினார்.

"வாயத் தொறந்து சொல்லப்படாதுங்களா?"

"அவரு இன்னைக்கு மவுன விரதமுங்க" என்று வள்ளியாத்தாள் குறுக்கே விழுந்தாள்.

"அப்பறம் கட்டுத்தரையில பேச்சுச் சத்தம் கேட்டுச்சுங்களே?"

"அது... எருமைகிட்டங்க."

கதவுக்குப் பின்னால் பொன்னாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

காளியப்பன் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அவர் கண் மாப்பிள்ளையின் தகப்பனார் நாச்சிமுத்துவின் மேல் இருந்தது. வண்டி மாட்டைப் பார்க்க இரண்டு தடவை வெளியே போனதைத் தவிர, அந்த மனிதர் அசையவில்லை, பேசவில்லை. முன்னால் தட்டு நிறையக் கச்சாயப் பலகாரம் இருந்தும் தொடவில்லை. என்ன நிதானம், என்ன அடக்கம் என்று காளியப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்பேர்ப்பட்ட மகான் வீட்டுக்கு மகள் போக வேண்டுமே என்று மனசுக்குள் மாரியம்மனை வேண்டிக்கொண்டு, அவரைப் பார்த்துக் கை குவித்தார்.

நாச்சிமுத்துவும் இவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஜிவுஜிவு என்று சிவக்க, எழுந்து பதிலுக்குக் கை குவித்தார். பிறகு வெற்றிலைத் தட்டை எடுத்துக் காளியப்பனிடம் நீட்டினார். சம்பந்தம் முடிந்தது. அடுத்த நிமிஷம் காளியப்பன் கட்டுத்தரைக்கும் நாச்சிமுத்து வண்டிக்குமாக விரைந்தார்கள்.

வழியனுப்பப் போன வள்ளியாத்தாளுக்கு மனசு உறுத்தியது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. விரதமெல்லாம் இல்லீங்க. வெண்ணந்தூர் வைத்தியரு என்னமோ சொன்னாருன்னு, ஆளுங்களக் கண்டா இவரு மூச்சையே அடக்கிக்கறாருங்க."

கண்ணாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கூட்டுக்காரரு அந்த வைத்தியருகிட்டப் போயிட்டு வந்து ஒரு மாசமாச்சுங்க, அன்னையிலிருந்து சோறே மாட்டுக்கிட்டத்தான் திங்கறாரு!"