போர்வைக்குள் ஒரு பேய்

மாடிப்படியில் நின்ற வரிசை தெருவரை நீண்டிருந்தது. மேலே, எந்த வலியையும் ஓட்டிவிடுவதாகச் சொல்லும் 'வலிவாங்கி' உட்கார்ந்திருந்தார். முதுகில் வலித்தால் அது வலியில்லையாம், பேயாம்! தோளில் குந்திக்கொண்டு மூளையைத் தின்னுமாம். அவர் கண்ணுக்கு மட்டும் தெரியுமாம். நம் கண்ணுக்குத் தெரிந்தது வாசலில் நின்ற அவருடைய புதுக் கார்தான்.

வரிசையில் ஒரு தையல்காரர். பல வருடமாக இடுப்பு வலி. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. போன வாரம் ஒரு கோட்டுக்கு இரண்டு கைகளையும் இடது கையாகவே வெட்டிவிட்டார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து, கடையையே மூடிவிட நினைத்தார்.

"மூளையில பாதி போச்சு. வளையலைக் கழட்டி வைம்மா, ஓட்டிடலாம்" என்றார் வலிவாங்கி.

தையல்காரரின் மனைவி கழற்றப் போனார். உடன் வந்த அவருடைய தங்கை தடுத்தாள். "இரு அக்கா. ஐயா, போர்த்தி மூடியிருந்தாலும் பேய் தெரியுமா?"

"சுவத்துக்குப் பின்னால இருந்தாலும் தெரியும்!"

கூட்டம் சிலிர்த்தது. அதற்குத்தானே வந்திருக்கிறது!

மறுநாள் வலிவாங்கி வருவதற்குள் அவருடைய கூடத்தில் நான்கு உருவங்கள், தலைமுதல் கால்வரை போர்வை. "இதுல ஒருத்தர் எங்க மாமா. பேய் எங்கன்னு காட்டுங்க" என்றாள் தங்கை.

வலிவாங்கி சுற்றி வந்தார். உறுமினார். இடுப்பு வலிக்காரன் அசையமாட்டான் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, ஆடாமல் நின்றதன்மேல் பாய்ந்தார்.

"இதோ! மூளை முழுசா காலி!"

தங்கை போர்வையை இழுத்தாள். தையல்கடைப் பொம்மை! தலைக்குப் பதில் கவிழ்த்து வைத்த வெறும் சட்டி.

"அது மட்டும் சரியாச் சொன்னீங்க ஐயா. காலிதான்!"

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. ஐயாவுக்கு அவசரமாகத் தியானம் வந்துவிட்டது. உள்ளே போனவர் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார்.

தையல்காரரை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

"வலியைக் கவனிக்கிறதும் அளவை ஞாபகம் வெச்சுக்கறதும் ஒரே மூளைதான். வலி நாள் முழுக்கக் கத்திக்கிட்டே இருந்தா, பாவம், மூளை எதைக் கேக்கும்? தூக்கமில்ல, கவலை வேற. கவலைப்பட்டா வலியும் கூடும்" என்றார் டாக்டர்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா டாக்டர்?"

"இல்லவே இல்ல. உங்க மூளை திணறுது, அவ்வளவுதான்."

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாத்திரை, உடற்பயிற்சி, நடுநடுவே எழுந்து நடை. வலி முழுதாகப் போகவில்லை; ஆனால் தூக்கம் வந்தது, மறதி குறைந்தது. கடை நடக்கிறது.

வலிவாங்கி வேறு ஊரில் கடை விரித்திருக்கிறாராம். அங்கேயும் நீள வரிசையாம். மூளையைத் தின்னப் பேய் எதற்கு? நாமே அதைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். திரும்பும்போது செருப்பை மட்டும் மறக்காமல் மாட்டிக்கொள்கிறோம்!