வட்டம் அண்ணையின் எட்டு சிலிண்டர்

உலகத்திலேயே மிகக் குறைந்த தூரத்தை மிக அதிகச் சத்தத்தோடு கடந்த மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் எர்லாங்கன் ஊர் வட்டம் அண்ணைக்கு எதிராக நிற்க ஆளே கிடைக்காது. யாராவது வீம்புக்கு நின்றாலும், அண்ணை சாவியைத் திருகியதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

அவருடைய நிஜப் பெயர் அவர் வீட்டுத் தபால் பெட்டிக்கும் அவர் மனைவி மலர் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயதில் ஜெர்மனிக்கு அகதியாக வந்து, ஒரு பேக்கரியில் மாவு பிசையத் தொடங்கி, அதே பேக்கரியில் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். ஊரில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் அவர் வட்டம் அண்ணை. ஏன் அந்தப் பெயர் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் இங்கே வேலைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டேன்.

எர்லாங்கன் சைக்கிள் ஊர். பேராசிரியர், டாக்டர், கம்பெனி டைரக்டர் எல்லோரும் சைக்கிள்தான். திருச்சியில் பைக் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாத நானும் இங்கே வந்ததும் ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் மொத்தமும் வாயில் விரல் வைத்த மாதிரி அமைதியாகக் கிடந்தது. நான் பன் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து இடி இடிப்பது போல ஒரு சத்தம். கரும்பச்சை நிறத்தில், புஜத்தை மடக்கிக் காட்டும் பயில்வான் மாதிரி முன்பக்கம் உப்பிய ஒரு அமெரிக்கக் கார் என்னைத் தாண்டிப் போனது. ஐந்து நிமிடத்தில் அதே மாதிரி ஒரு கார் எதிரே வந்தது. பன்னை வாங்கிக்கொண்டு திரும்பும்போது இன்னொன்று பின்னால் வந்தது. ஏதோ கண்காட்சி நடக்கிறது, மூன்று கார் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றுக்கும் ஒரே மீசைக்காரர் டிரைவர் என்பது பிறகுதான் உறைத்தது.

ஊருக்குள்ளேயே சுற்றுவார். வெளியே போகமாட்டார். இத்தனைக்கும் பக்கத்து ஊரான ஃபூர்த்துக்கு ரயிலில் வாரம் இரண்டு முறை காய்கறி வாங்கப் போகிறவர். பாரிஸில் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு விமானத்தில் போய் வந்தவர். அந்தக் கார் மட்டும் எர்லாங்கனை விட்டு வெளியேறாது.

இதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை உலவியது. பெட்ரோல் செலவுக்குப் பயந்துதான் என்றார்கள் என் ஆபீஸ் நண்பர்கள். கார் சொந்தமே இல்லை, யாரோ கொடுத்து வைத்தது என்றார் தமிழ்க் கடைக்காரர். நெடுஞ்சாலையில் அவருக்கு வேகமாக ஓட்டத் தெரியாது என்று ஒரு கட்சி. அவரிடமே ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏன்ணே, எட்டு சிலிண்டர் வெச்சுக்கிட்டு ஊருக்குள்ளயே சுத்துறீங்க? ஒரு லாங் டிரைவ் போகலாம்ல?"

"தம்பி, உமக்குப் பசிக்குதோ?" என்றார். அதோடு பேச்சு ரோல்ஸுக்கும் சம்பலுக்கும் போய்விட்டது.

அண்ணைக்கும் எனக்கும் பழக்கமாகி, அவருடைய கராஜுக்குள் அனுமதி கிடைக்க ஒரு குளிர்காலம் ஆனது. அந்தக் காரை அவருக்கு விற்றவன் ஒரு அமெரிக்கச் சிப்பாய். எர்லாங்கனில் இருந்த ராணுவ முகாமைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பும்போது, கப்பலில் ஏற்றும் செலவு காரின் விலையைவிட அதிகம் என்று கண்டு, பேக்கரியில் ரொட்டி எடுக்க வந்த பழக்கத்தில் அண்ணையின் தலையில் கட்டிவிட்டான். அன்றைக்கு அந்த மாதிரிக் காரை யாரும் சீந்தமாட்டார்கள். இன்று அதைத் தேடி அலைகிறார்கள். அதிலும் அண்ணையின் கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருந்தது. பெயிண்ட் புதிதாக அடிக்கவில்லை. சீட் மாற்றவில்லை. சீட்டை மலர் அக்கா, வீட்டு சோபாவைப் போலவே, தடித்த பிளாஸ்டிக் போட்டுப் பொத்தியிருந்தார். கோடையில் உட்கார்ந்து எழுந்தால் நம் தோலில் பாதி அங்கேயே தங்கிவிடும். ஆனால் அடியில் இருந்த சீட் நேற்று தைத்தது போல இருந்தது.

எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, கராஜ் வரிசையை இடித்துவிட்டு அங்கே அடுக்குமாடி கட்டப்போகிறோம் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எர்லாங்கனில் வாடகைக்கு வீடு கிடைத்தாலும் கிடைக்கும், கராஜ் கிடைக்காது. வெளியே மழையில் நிறுத்த அண்ணைக்கு மனம் வரவில்லை. விற்பது என்று முடிவானது.

விளம்பரத்தை இணையத்தில் நான்தான் ஏற்றினேன். அண்ணை சொல்லச் சொல்ல எழுதினேன். அப்படி ஒரு விளம்பரத்தை எந்தக் கார் வியாபாரியும் கனவிலும் போடமாட்டான். "இடது கதவு மழை நாளில் திறக்காது. ரேடியோ நினைத்தால் பாடும். ஓட்டிய தூரம் மிகக் குறைவு, அது சத்தியம்." நான் கெஞ்சினேன்.

"அண்ணே, குறையெல்லாம் நாமே சொன்னா எவன் வாங்குவான்?"

"உண்மையைச் சொன்னால்தான் தம்பி மற்றதையும் நம்புவாங்கள்."

முதலில் வந்தவன் ஒரு இளைஞன். பெயிண்ட் கனத்தை அளக்கிற கருவி, காந்தம், டார்ச் எல்லாம் கொண்டுவந்தான். முன்பக்க மூடியில் வெளிறிப்போய்த் தெரிந்த மூன்று பட்டைகளைப் பார்த்துக் கண் விரிய, இது தொழிற்சாலையிலேயே போட்டதா என்று கேட்டான். அண்ணை வெள்ளிக்கிழமை தவறாமல் திருநீறு குழைத்துப் பூசிப் பூசி விழுந்த தடம் அது.

"ஓம், பெரிய தொழிற்சாலை," என்று அண்ணை ஜெர்மன் மொழியில் சொல்லி, விரலால் வானத்தைக் காட்டினார்.

அவன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மீட்டரைப் பார்த்தான். சிரித்தான். அந்தக் காலத்து மீட்டரில் ஐந்து இலக்கம்தான், லட்சம் மைல் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இது ஒருமுறையாவது சுற்றி வந்த கார், அதனால் விலையைப் பாதியாக்குங்கள் என்றான்.

அண்ணையின் மீசை துடித்தது. "வெளியிலை போ" என்றார். போனான். எங்கே போனான்? கராஜை விட்டு வெளியே வந்தவனை மலர் அக்கா பிடித்துக்கொண்டார். அந்த வீட்டுக்கு வந்தவர் யாரும் வெறும் வயிற்றோடு திரும்ப முடியாது, துரத்தப்பட்டவராக இருந்தாலும். அரை மணி நேரம் கழித்து அண்ணை கோபம் தணிந்து வீட்டுக்குள் போனால், அவன் சமையலறையில் உட்கார்ந்து நான்காவது ரோல்ஸைச் சாஸில் தோய்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் ஒரு நண்பனையும் கூட்டிக்கொண்டு வந்தான். "மீட்டரை இன்னொரு தரம் பார்க்கணும்" என்றான். இருவரும் மீட்டரைப் பார்க்கவே இல்லை.

இப்படியே பலர் வந்தார்கள். முன்கூட்டியே நேரம் குறித்து டெர்மின் வாங்கிக்கொண்டு வருவார்கள், தட்டிப் பார்ப்பார்கள், மீட்டரைக் கண்டதும் உதட்டைப் பிதுக்குவார்கள். துரத்தப்படுவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். மாதம் முடிந்துகொண்டே வந்தது. எனக்குப் பதைப்பு.

"கொஞ்சம் குறைச்சுத்தான் கொடுத்துடுங்களேன். அடுத்த வாரம் புல்டோசர் வந்துடும்."

"காசுப் பிரச்சினை இல்லைத் தம்பி. ஒரு சதம் குறைச்சாலும் நான் பொய் சொன்னனான் எண்டு ஆகும். அது ஏலாது."

சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டே இல்லை. இவ்வளவும் ஒரு மீட்டருக்காகவா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக வந்தவர் ஹெல்கா அம்மையார். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. வெள்ளை முடி, நல்ல கோட்டு. வந்ததும் அந்தக் கோட்டோடு தரையில் படுத்துக் காருக்கு அடியில் போய்விட்டார். மலர் அக்கா ஓடிப்போய் பழைய போர்வை கொண்டுவந்து விரித்தார். வெளியே வந்தவர் மீட்டரைப் பார்க்கவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதிசயமாக இருக்கிறது. ஆக்ஸிலேட்டர் புத்தம் புதுசு. பிரேக் பெடலின் ரப்பர் மட்டும் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. இந்தக் காரை ஓட்டியதைவிட நிறுத்தியதுதான் அதிகம். ஏன்?"

"ஓட்டிப் பார்ப்பம்" என்றார் அண்ணை. சாட்சிக்கு என்று என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். பிளாஸ்டிக்கில் நான் வழுக்கிக்கொண்டே வந்தேன்.

ஊரின் தெற்கு எல்லை வந்தது. எர்லாங்கன் என்ற பெயரைச் சிவப்புக் கோடு போட்டு அடித்த மஞ்சள் பலகை தெரிந்ததும் அண்ணை வேகத்தைக் குறைத்து, கையைக் காட்டி, வண்டியைத் திருப்பிவிட்டார்.

"நேரே போங்களேன்" என்றார் ஹெல்கா. இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தோம். அதே இடம். மறுபடி திருப்பினார். மூன்றாவது முறை பலகைக்குக் கொஞ்சம் முன்னால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டார். அந்தச் சத்தம் நின்றதும் உலகமே நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

"தம்பி, நான் தமிழிலை சொல்லுறன். நீர் மொழிபெயரும்" என்றார். அவருடைய ஜெர்மன் மொழிக்கு முன்னால் என்னுடையது தவழும் குழந்தை. ஆனால் அவர் குரல் ஒரு மாதிரி இருந்ததால் நான் தலையாட்டினேன்.

"கார் வாங்கேக்கை என்ரை அகதி வழக்கு முடியேல்லை. வழக்கு முடியுமட்டும் ஊர் எல்லையைத் தாண்டப்படாது. தாண்டினால் தண்டம். திரும்பவும் தாண்டினால் கோர்ட்டு, வழக்கு. என்னோடை இருந்த ஒருத்தன் ஃபூர்த்திலை கூட்டாளியின்ரை பிறந்தநாளுக்குப் போய்ப் பிடிபட்டவன். அதாலை நான் இந்தப் பலகை வரைக்கும் வருவன். பார்ப்பன். திரும்புவன். வருசக்கணக்கா."

நான் ஜெர்மனில் தொடங்கினேன். "பிறந்தநாளுக்குப் பிடிபட்டார்" என்று சொன்னதில் ஏதோ வேற்றுமை உருபு பிழையாகிவிட்டது போலிருக்கிறது. அண்ணை திருத்தினார். அடுத்த வாக்கியத்தையும் திருத்தினார். பிறகு பொறுமை இழந்து, "நீர் சும்மா இரும்" என்று தானே சொல்லத் தொடங்கினார்.

வழக்கில் அவர் கதையை அதிகாரிகள் முதலில் நம்பவில்லையாம். யாழ்ப்பாணத்தில் நடந்ததை எல்லாம் சொன்னாராம், இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். மேல்முறையீட்டில்தான் விசா வந்தது. வந்த அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு இந்தப் பலகைக்கு வந்திருக்கிறார்.

"கால் தானாப் பிரேக்கிலை போயிட்டுது. அண்டு தொடக்கம் இண்டு வரைக்கும் அப்பிடித்தான். ரயிலிலை போவன், பிளேனிலை போவன். எனக்கு ஒண்டுமில்லை. இந்தக் காருக்குத்தான் பயம்."

ஹெல்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"நான் உங்களை நம்புகிறேன்."

அண்ணை பக்கக் கண்ணாடியைச் சரிசெய்யத் தொடங்கினார். அது சரியாகத்தான் இருந்தது. வெகுநேரம் சரிசெய்தார். பிறகு திடீரென்று, விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். மாதம் முழுக்க ஒரு சதம் இறங்காத மனிதர்! ஹெல்கா முடியாது, முழு விலைதான் என்றார். இவர் குறைக்க, அவர் ஏற்ற, இப்படித் தலைகீழாக நடந்த பேரத்தை நான் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். கடைசியில் ஆசிரியைதான் ஜெயித்தார். முழு விலைக்குக் கைகுலுக்கினார்கள்.

"சரி, சாவியைக் கொடுங்கள். நான் ஓட்டுகிறேன்" என்றார் ஹெல்கா.

இடம் மாறினார்கள். இன்ஜின் கர்ஜித்தது. அண்ணை வலது காலைத் தரையில் ஊன்றி, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். மஞ்சள் பலகை பக்கவாட்டில் போய், பின்னால் போய், சின்னதாகிவிட்டது. ஃபூர்த்தில் ஒரு பெட்ரோல் பங்க் அருகே ஹெல்கா வண்டியை நிறுத்தினார்.

அண்ணை இறங்கினார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து மலர் அக்காவுக்குப் போன் போட்டார். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"நான் ஃபூர்த்திலை நிக்கிறன்."

"அங்கை என்ன செய்யிறியள்?"

"சும்மா."

"மரக்கறி வாங்கப் போற இடம்தானே, அதுக்கேன் போன் எடுத்துச் சொல்லுறியள்?"

"காரிலை வந்தனான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அண்ணை போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அப்புறம் அக்காவின் குரல் மெதுவாக வந்தது.

"இன்னும் கொஞ்சத் தூரம் போயிட்டு வாங்கோ."

அண்ணை போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். குளிர் என்று தானாகவே காரணம் சொன்னார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

"விடும் தம்பி, சட்டை கசங்குது."

நான் விடவில்லை.