சுவருக்கு வைத்த பார்டர்

பலகையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுந்தது. அதை அழுத்தினால் இது எழுந்தது. டெய்லர் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் தரை புடைத்திருந்தது. கதவுப் பக்கம் உள்வாங்கியிருந்தது. அங்கே பலகைக்கு அடியில் அவருடைய சாக்பீஸ் தாராளமாகப் போய் வந்தது.

முழங்கால் இனி மிஷினை மிதிக்காது என்று தெரிந்ததும் கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்கு வந்தவர் அவர். தனி அறை, கட்டில், தலைமாட்டில் விளக்கு, எல்லாம் மருமகளின் ஏற்பாடு. பதிலுக்கு ஏதாவது செய்யலாமென்றால் அந்த வீட்டில் ஒரு பட்டன்கூட அறுந்திருக்கவில்லை. உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள். மலை கிடக்கட்டும், உட்கார்ந்திருப்பதுதான் அவரால் முடியவில்லை. ஒன்றுக்கும் உதவாமல் இங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பதைவிடப் பழைய கடைக்குப் பின்னாலிருந்த அறைக்கே போய்விடுவது மேல் என்று முடிவு கட்டி, பெட்டியைக்கூட மனசுக்குள் அடுக்கிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மருமகள் வந்து கேட்டாள். புதிதாகப் பெயிண்ட் அடித்த அவர் அறைச் சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் பலகை இல்லை, இடுக்கு வழியாக எறும்பு வருகிறது, தச்சர் கைக்குச் சிக்கவே மாட்டேன் என்கிறார் என்றாள். மூன்று பலகை, ரம்பம், அரம் எல்லாம் வாங்கியே வைத்திருந்தாள்.

"சுவருக்கு வைக்கிற பார்டர்தானே மாமா. உங்க கைக்கு வராத பார்டரா?"

அரண்மனை கட்டித் தரச் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அவர் சரியென்றிருப்பார்.

முதலில் டேப்பை எடுத்து அளந்தார். பின்னால் தேவைப்பட்டால் பிரித்துவிடலாம் என்று இரண்டு விரல்கடை கூடுதலாக விட்டு வெட்டினார். துணியாக இருந்தால் உள்ளே மடித்துத் தைத்திருக்கலாம். பலகை மடங்கமாட்டேன் என்று சுவரை இடித்துக்கொண்டு நின்றது. சரி, அதை அறுத்துக் கழித்தார்.

அடுத்தது மேடு பள்ளம். தரையின் நெளிவைப் பலகையில் வரைந்து அதன்படி வெட்டினால் பொருந்திவிடும். யோசனையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆயுசு முழுக்கத் துணியின் உள்பக்கத்தில் கோடு போட்ட கை அல்லவா? பலகையைத் திருப்பி, உள்பக்கம் தெரிய நிறுத்தி, கோடு போட்டு, ராவி ராவி வெட்டினார். பிறகு நல்ல பக்கம் வெளியே தெரியத் திருப்பி வைத்தார். கதவுப் பக்கம் வர வேண்டிய வயிறு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. சாக்பீஸ் போன இடத்தில் இப்போது கத்தரிக்கோலே போயிற்று.

இந்த முனையைக் கொஞ்சம் பிடித்தால் சரியாகும் என்று இதைக் குறைத்தார். பிறகு அந்த முனை தூக்கியது, அதைக் குறைத்தார். முழுக்கால் பேண்ட் அரைக்கால் டிராயரான கதையாகப் பலகை அடிஸ்கேல் அகலத்துக்கு வந்து நின்றது. மரத்தூள் கூடம் வரை பறந்து மகனின் காபியில் விழுந்தது. தச்சரைக் கூப்பிட்டால்தான் என்ன என்று அவன் ஆரம்பித்தான். மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் தும்மிக்கொண்டே போய்விட்டான்.

இரண்டாவது பலகையில் டெய்லர் வீரம் காட்டவில்லை. நேராக நிறுத்திக்கொண்டு, அடியிலிருந்த இடைவெளியில் பெயிண்டர் விட்டுப்போன பட்டி மாவைக் குழைத்து அடைத்தார். அடைத்தது போதாதென்று இன்னும் அடைத்தார். அது வழிந்து, சாத்தியிருந்த கதவுக்கு அடியில் போய் இறுகியது. கதவு திறக்கவில்லை. டெய்லர் உள்ளே, உலகம் வெளியே.

மகன் வெளியிலிருந்து தோளால் இடித்துப் பார்த்தான். மருமகள் ஜன்னல் கம்பி வழியாகக் காபியை நீட்டினாள். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. நாளைக்கே கிளம்பிவிடுவது என்று டம்ளரைக் கையில் வாங்கும்போதே தீர்மானித்துவிட்டார். அவளோ, வெளியே வந்து என்ன செய்யப்போகிறீர்கள், பொறுமையாக முடித்துவிட்டே வாருங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. இவ்வளவு நம்புகிற பெண்ணை எப்படி ஏமாற்றுவது? காபியைக் குடித்தபடி டெய்லர் யோசித்தார். இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருந்த வாடிக்கைக்கார அம்மாவுக்குப் பாவாடை விளிம்பை எப்படிச் சமமாக்கினோம்? உடுத்தி நிற்கவைத்து, தரையிலிருந்து மேலே அளந்துகொண்டே போனோம். சுவரையும் உடுத்தச் சொல்ல வேண்டியதுதான்.

பட்டியில் ஒட்டிய பலகையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, மீதமிருந்த பலகையை நல்ல பக்கம் வெளியே தெரியச் சுவரோடு நிறுத்தினார். கோட்டுப் பட்டன்களை இடைவெளியின் உயரத்துக்கு அடுக்கி நூலால் கட்டினார். மேலே பென்சிலைக் கிடத்தி, தரையோடு தேய்த்தபடி நகர்த்தினார். தரை ஏறிய இடத்தில் பென்சில் ஏறியது, இறங்கிய இடத்தில் இறங்கியது. கோட்டின்மேல் அறுத்து, அரத்தால் ராவி, வைத்து அழுத்தினார். உட்கார்ந்த பலகை அசையவில்லை. ஒரு நூல்கூட அடியில் நுழையவில்லை. கதவடிப் பட்டியைச் சுரண்டித் தள்ளிவிட்டு, கூடத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

மாலையில் மருமகள் பலகையின்மேல் கையை ஓட்டிப் பார்த்தாள். டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சும்மா உக்காந்து சாப்பிடுறவனா என்னை வைக்காம ஒரு வேலை குடுத்தியேம்மா. நீ நல்லா இருக்கணும். இனிமே இது என் வீடுன்னு தைரியமா இருப்பேன்."

அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். முகம் கொஞ்சம் வாடியது.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா மாமா?"

பாராட்ட வார்த்தை கிடைக்கவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், கருவிப் பையோடு தச்சர். கதவைத் திறந்தவர் யாரென்று தச்சருக்குத் தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த ரூம் பலகையையும் கழட்டிட்டுப் போகச் சொல்லி மேடம் போன் பண்ணாங்க. முதல் ரூம்ல நல்லா இருந்ததை எடுத்த மாதிரியே அலுங்காம குலுங்காம எடுக்கணுமாம். அவங்க மாமாவுக்கு வேலை தீர்ந்து போச்சாம், பெரியவர் தூங்குறாரா?"