மேல்பல்லும் தாய்மாமனும்

அன்புத் தங்கை ஜெயஸ்ரீக்கு,

ஊரப்பாக்கத்திலிருந்து அண்ணன் கோபு எழுதுவது. நான் நலம். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நலம். பாப்பாவுக்குக் கீழ்ப்பல்லுக்கு முன்னால் மேல்பல் முளைத்தது தாய்மாமனுக்கு ஆகாது, பரிகாரம் முடியும்வரை படப்பையில் உன் வீட்டுப் பக்கம் வராதே என்றாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

"எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன்தான் அண்ணா, வீடியோ கால்ல கூட அவ மூஞ்சியப் பாக்காத" என்று நீ அழுததால் அன்று சரி என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் ஞாயிறு ஒன்றுதான் நான் மனுஷ முகம் பார்க்கிற நாள். போன ஞாயிறு பழக்கதோஷத்தில் படப்பை பஸ்ஸில் ஏறி, டிக்கெட்டும் வாங்கி, பாதி வழியில் ஞாபகம் வந்து இறங்கிவிட்டேன். சரி, பாப்பா ஈறு வலியில் அழுகிறாளே என்று குழந்தை டாக்டரிடம் போனேன். "குழந்தை எங்க சார்?" என்றாள் நர்ஸ். "என்னைப் பாக்க விடமாட்டாங்க" என்றேன். அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். டாக்டர் நல்லவர். கையைக் கழுவிவிட்டு விரலால் ஈறை மெதுவாகத் தேய்க்கலாம், ரப்பர் வளையத்தையோ சுத்தமான ஈரத்துணியையோ ஃப்ரிட்ஜில் வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம், ஃப்ரீஸர் கூடாது, கெட்டியானது எதுவும் கூடாது, காய்ச்சல் அதிகமானால் பல்லின் மேல் பழி போடாமல் கூட்டி வாருங்கள் என்றார். வளையம் வாங்கினேன். பாப்பா கடிக்கட்டும் என்று கேரட்டும் வாங்கினேன். "ஒண்டி ஆளுக்கு இன்னாத்துக்கு சார் இம்மாம் கேரட்டு?" என்றாள் காய்க்காரி எல்லம்மா. பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். தனியாகத்தான் இருக்கிறது, ஜெயா.

இத்தனை நாளில் எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஆகவே நீ நம்புவது சுத்தப் பொய். இருந்தாலும் உன் மனதை நோகடிக்க மாட்டேன். நீயாகக் கூப்பிடும்வரை வரமாட்டேன். மாப்பிள்ளை கார்த்தியை விசாரித்ததாகச் சொல். பாப்பாவுக்கு எல்லாப் பல்லும் நல்லபடியாக முளைத்து, முதல் கடி எனக்கே கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் கோபு

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. டாக்டர் பேச்சை மீறி ஃப்ரீஸரில் வைத்த கேரட் பாப்பாவுக்குக் கெட்டியாக இருக்குமோ என்று கடித்துப் பார்த்தேன். என் மேல்வரிசை முன்பல் ஒடிந்துவிட்டது. மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடு. நீ சொன்னதே சரி, மேல்பல் தாய்மாமனுக்கு ஆகவில்லை. ஆக வேண்டியது ஆகிவிட்டதால் இனிப் பரிகாரமும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வளையத்தோடு வருகிறேன். பாப்பா கஞ்சியை இரண்டு பேருக்கு வை.