நெட்டையனைப் பெற்றவர்

எழுத்தைப் படிக்காமல், அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிற ஓர் இனம் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் பலகையை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். பேருந்து வரும், போகும், இவர் மட்டும் நிற்பார். "இது எங்கே போற பஸ் சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியலையே. ஆனா அந்த 'ழ'வைப் பாருங்க, இடுப்பு ஒடிஞ்சு கிடக்கு" என்பார்.

நம்மவர் அந்த இனத்தில் முற்றிய ரகம். சொந்தமாக ஓர் எழுத்துருவையே பெற்றவர். மூன்று வருஷம் கணினி முன் கழுத்து வலிக்க உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பக்கமும் நெருக்கி, மேலே இழுத்து, உள்ளே சதை போட்டு, கூட்ட நெரிசலில் பயில்வான்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பதுபோல் ஆக்கிவிட்டார். நெட்டையன் என்று பெயரும் வைத்தார். குறுகலான இடத்தில் பெரிய தலைப்புப் போட அவனை விட்டால் ஆளில்லை. ஒரு வாரப் பத்திரிகையும் இரண்டு சோப்பு உறைகளும் அதற்குச் சாட்சி.

அதோடு விட்டாரா? வீட்டுச் சர்க்கரை டப்பாவிலும் நெட்டையன். மாமனாருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அச்சடித்து அனுப்பிய கடிதத்திலும் நெட்டையன். 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற வரியைப் படித்த மாமனார் மகளுக்குப் போன் போட்டார். "ஏம்மா, மாப்பிள்ளை என்னை மிரட்டறாரா?"

இந்த லட்சணத்தில்தான் அவருடைய தங்கை, பார்த்த வேலையை உதறிவிட்டு ஒரு நீச்சல் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். வாசல் தூண் ஒல்லி. அதில் மாட்டும் பலகையும் ஒல்லியாகத்தான் இருக்க முடியும். "அண்ணா, நீதான் எழுதித் தரணும்" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

'நீச்சல் பள்ளி' என்ற பலகை ஏறியது. தெருமுனையிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. ஆனால் என்ன தெரிந்தது? நெருக்கிய நெருக்கலில் 'ள'வின் கடைசி வளைவு அமுங்கிப்போய், போவோர் வருவோர் எல்லோர் கண்ணிலும் 'நீச்சல் பல்லி' என்றுதான் பட்டது. முதல் வாரம் ஒரு குழந்தைகூடச் சேரவில்லை. விசாரிக்க வந்த ஒரே அம்மாளும், "எச்சரிக்கைப் பலகை போட்டது நல்லதுதாம்மா. தண்ணில நிறைய இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்.

தங்கை ஓடி வந்தாள். "அண்ணா, அந்த எழுத்தைக் கொஞ்சம் அகலமாக்கிக் கொடு."

"அகலமா? நெட்டையனையா?"

"ஒரே ஒரு எழுத்துண்ணா!"

"ஒருத்தன் அகலமானா வரிசையே கலைஞ்சிடும். எதிர்த்த பக்கம் நின்னு, கண்ணை லேசா சுருக்கிப் படிக்கச் சொல்லேன்."

"வர்றவங்களையெல்லாம் ரோட்டைத் தாண்டிப் போய் கண்ணைச் சுருக்கச் சொல்றதா?"

அவர் யோசித்தார். பெரிய மனசு பண்ணி இறங்கியும் வந்தார். "சரி, பள்ளின்னு எதுக்கு வெக்கிறே? கூடம்னு வெச்சுக்கோ. நெட்டையன்ல 'ட' அபாரமா நிக்கும்."

தங்கை நேரே போனாள், ஏணி போட்டு ஏறினாள், பலகையைத் திருப்பி மாட்டி, பின்பக்கத்தில் நீலச் சாயம் வழிய வழியத் தன் கோணல் கையெழுத்தில் 'நீச்சல் பள்ளி' என்று எழுதினாள். அடுத்த வாரம் பதினோரு குழந்தைகள் தண்ணீரில் கும்மாளம் போட்டன.

அண்ணன் வந்து பார்த்தார். குழந்தைகளை அல்ல, பலகையை. வெகு நேரம் பார்த்துவிட்டுத் தாங்க மாட்டாமல் மனைவியிடம் சொன்னார்: "இதுல என்ன திறமை இருக்கு? எல்லாருக்கும் புரியுது!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போகிற போக்கில் ஒரு கேள்வி. நீங்கள் ஆசை ஆசையாகச் செய்து கொடுத்த ஏதோ ஒன்றை வீட்டில் யாரோ 'விளங்கலையே' என்றார்களே, அன்றைக்கு நீங்கள் அதைத் திருத்தினீர்களா, அவர்களைத் திருத்தக் கிளம்பினீர்களா? உண்மையைச் சொல்லலாம். பக்கத்தில் உங்கள் தங்கை இல்லை.