பாதியில் நிற்கும் கட்டில்

கட்டில் மறுபடியும் பாதியில் நின்றது. தையல்நாயகி படுத்தும் படுக்காமலும், உட்கார்ந்தும் உட்காராமலும் சாய்ந்து கிடந்தாள்.

"அசையாத, நாயகி, தோ வர்றேன்" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார் துரைக்கண்ணு.

பக்கவாதம் மனைவியின் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. அவருக்கோ முதுகெலும்புத் தேய்மானம். "உன்னால தூக்க முடியல மாப்ளே. ஞாயித்துக்கெழம வந்து எங்க கோலியனூருக்கே இட்டுக்கினு போயிடறேன்" என்று அவள் அண்ணன் தேவநாதன் சொல்லிவிட்டார். அவளில்லாத வீட்டை நினைத்தாலே துரைக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் திண்டிவனத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஆள். அங்கே கழித்துப் போட்ட சர்வோ மோட்டாரைக் கேட்டு வாங்கிவந்து, கட்டிலின் தலைப்பக்கம் தானாக எழும்படி மாட்டினார். கரெண்ட் போனாலும் அதன் பிரேக் கவ்விக்கொள்ளும். ஆள் விழ வழியில்லை. ஆனால் பிடிவாதக்கார மோட்டார். தான் எவ்வளவு சுற்றினோம் என்று அதன் வால்பக்கத்தில் சுற்றை எண்ணும் என்கோடர் ஒயர் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒயர் கழன்றால் அலாரம் அடித்து அப்படியே நின்றுவிடும்.

நின்றால், அவர்தான் அவளை இரு கையாலும் அணைத்துத் தூக்கி, தோளில் சாய்த்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அன்றிரவு முதுகு அவரைத் தூங்கவிடாது.

அதிர்வில்தான் ஒயர் கழல்கிறது என்று வேகத்தைக் குறைத்தார். ஊர்ந்து ஊர்ந்து போய் நின்றது. பிடி உறுதியாக இருக்கட்டும் என்று மோட்டாரின் விறைப்பைக் கூட்டினார். கட்டில் மினிபஸ் மாதிரி உதறிவிட்டு நின்றது. மோட்டாரே சரியில்லை என்று பெரியதாக இன்னொன்றைக் கொண்டுவந்தார். கிளம்பும்போது மூன்று பங்கு கரெண்ட் இழுக்கிற ஜாதி அது. வீட்டு ஃப்யூஸ் போனது. கடைசியில் பழையதையே திரும்ப மாட்டி, குனிந்து பார்க்க முதுகு விடவில்லை என்று, கட்டிலோரம் தொங்கிய ஒயர் இணைப்பை மேலே தூக்கி அவள் இடது கைப்பக்கம் கட்டினார். அதற்குப் பிறகு இன்னும் அடிக்கடி நின்றது.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு பிரபாவதி. "மிஷின தொட்டுறாத, பேஜாரு புடிச்சது" என்று பிரபாவதியை எச்சரித்துவிட்டுத்தான் டூட்டிக்குப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை தேவநாதன் காரோடு வந்தார்.

"பாருங்க மச்சான்" என்று துரைக்கண்ணு பட்டனை அழுத்தினார். கட்டில் அழகாக எழுந்தது. பாதியில் நின்றது.

பதறிப்போய்த் தூக்கினார். தூக்கியவரால் நிமிர முடியவில்லை. இருவருமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் இடது கை அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"போதும் மாப்ளே" என்றார் தேவநாதன். "ரெண்டு பேரையும் தூக்க எங்கிட்ட ஆளு இல்ல."

அந்தக் கையைப் பிரித்துத்தான் காரில் ஏற்ற வேண்டியிருந்தது.

கார் போனபிறகு துரைக்கண்ணு வெறுங்கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "இத்தினி வருஷ சர்வீசு. பொண்டாட்டிக்கு ஒரு மோட்டார ஒழுங்கா ஓட்டிக் காட்ட முடியலியே."

வழியனுப்ப வந்து நின்ற பிரபாவதி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீங்க தொடாதன்னு சொல்லியும் நான் தெனம் பகல்ல ஓட்டிக்கினுதாங்கண்ணே இருந்தேன், ஒரு வாட்டிகூட நின்னதில்ல; நீங்க ஊட்டுக்கு வந்தப்புறந்தான் அண்ணி அந்த ஒயர உருவுவாங்க."